வண்டிவாழ்க்கையில் துணி – கடிதம்

அன்புள்ள அண்ணா,

போர்வெல் போடும் ரிக் வண்டிப் பயணங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நானும் கணவரும் ஒரு பழைய டெம்போ டிராவலரை வீடாக மாற்றியிருக்கிறோம். கூரையில் சோலார், உள்ளே 100 லிட்டர் தண்ணீர் டேங்க். ஜூனில் கோவையிலிருந்து கிளம்பி, கொங்கன் கரை வழியாக லடாக் வரை போவதாகத் திட்டம். ஒரு வருடம் வண்டியில்தான். சமையல், தூக்கம் எல்லாம் யோசித்தாயிற்று. துணி துவைப்பதில்தான் முட்டி நிற்கிறோம். மடித்து வைக்கிற குட்டி வாஷிங் மெஷின் வாங்கலாமா? வழியில் ஆறு, ஏரி வரும்போது துவைத்துக்கொண்டால் போகிறது என்கிறார் கணவர். உள்ளாடைகளை எங்கே காயப்போடுவது என்பதும் எனக்குப் பெரிய கவலை. கூச்சமாக இருந்தாலும் கேட்டுவிட்டேன்.

ம.
கோவை

அன்புள்ள ம.,

மெஷின் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் துணியைப் புரட்டுவதுதான் துவைப்பதிலேயே சுலபமான வேலை. அந்தக் குட்டி மெஷின் அதைத்தான் செய்யும். அலசுவது, காயப்போடுவது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். அதற்குப் பதில், இறுக்கமான மூடி உள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்குங்கள். இரண்டு பேருடைய இரண்டு நாள் துணி, ஆறேழு லிட்டர் தண்ணீர், ஒரு டீஸ்பூன் லிக்விட். மூடி, சீட்டுக்குப் பின்னால் அசையாமல் கட்டிவிட்டு வண்டியை எடுங்கள். ஒரு மணி நேரம் ஓடினால் ரோட்டின் குலுக்கலே பாதி வேலையை முடித்துவிடும். காலர், கைமடிப்பு மட்டும் கையால் கசக்கினால் போதும். ஃப்ரண்ட் லோடு மெஷினுக்கான லிக்விடாகப் பார்த்து வாங்குங்கள், நுரை குறைவு. நுரை பொங்கினால்தான் அழுக்குப் போகும் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அழுக்கை எடுப்பது நுரை இல்லை. அந்த நுரையைப் போக்கத்தான் வாளி வாளியாகத் தண்ணீர் செலவாகிறது.

தண்ணீரைக் குடிப்பது அலசல்தான். உங்களுக்கு இருப்பது 100 லிட்டர், குடிக்கவும் சமைக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் இந்தக் கணக்கைக் கவனியுங்கள். பிழிந்த பிறகும் துணிகளில் ஒரு லிட்டர் சோப்புத் தண்ணீர் தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லிட்டர் ஊற்றி ஒரே தடவை அலசிப் பிழிந்தால் சோப்பில் 11-இல் ஒரு பங்கு துணியிலேயே நிற்கும். அதே 10 லிட்டரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் நன்றாகப் பிழிந்து இரண்டு தடவை அலசினால் நிற்பது 36-இல் ஒரு பங்குதான். தண்ணீர் அதேதான், கூடுதலாக ஒரு பிழியல் மட்டும். இரண்டாவது அலசல் தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே இருக்கும். கொட்டிவிடாதீர்கள், அடுத்த தடவை ஊறவைக்க ஆகும்.

பிழிவதற்கு வண்டியின் ஏணிக் கம்பி இருக்கிறது. துணியைக் கம்பியைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து முறுக்குங்கள். அப்புறம் உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி ஒரு அழுத்து. பாதி காய்ந்த மாதிரிதான். ஜீன்ஸ், போர்வையெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. ஊர் வரும்போது லாண்டரியில் போட்டுவிடுங்கள்.

எங்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று மாதக்கணக்கில் வெளியேதான். ஆட்களுக்கு வண்டிதான் வீடு. பாறையைத் துளைக்கும்போது கம்ப்ரசர் காற்று கல்மாவை மேலே அள்ளி வீசும். சட்டை, தலைமுடி, கண் இமை எல்லாம் வெளுத்துவிடும். வேலைக்குப் புதிதாக வந்த பையன் அந்தச் சட்டையை அப்படியே தண்ணீரில் முக்கப் போவான். பழைய ஆள் தடுத்து, சட்டையை வாங்கி, டயரில் நாலு அடி அடிப்பார். புகை மாதிரி மாவு கிளம்பும். அந்த மாவு நனைந்தால் நூலுக்குள் சேறாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் எத்தனை அலசினாலும் வராது. லடாக் புழுதிக்கும் இதுவேதான். முதலில் உதறுங்கள், பிறகு நனையுங்கள்.

உள்ளாடை பற்றிக் கேட்டதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. மறைவு வேண்டும் என்று வண்டிக்குள் மூலையில் போட்டு, அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொள்வதுதான் ஆபத்து. படர்தாமரைக்கு அதைவிட வசதி கிடையாது. வந்துவிட்டால், மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டு நோயை வளர்க்கும். வெளியே ஒரு கொடி கட்டி, கிளிப் போட்டு, மேலே மெல்லிய பருத்தித் துப்பட்டா ஒன்றை விரித்துவிடுங்கள். வெயிலும் காற்றும் உள்ளே போகும், பார்வை போகாது. தினமும் குளிக்கும்போதே அன்றன்றைக்குள்ளதைத் துவைத்துவிட்டால் இரண்டு மக் தண்ணீர்தான் செலவு. இரவில் வண்டிக்குள் எந்த ஈரத்துணியும் வேண்டாம். அந்த ஈரம் கண்ணாடியில் வேர்த்து, மெத்தையில் இறங்கி, பூஞ்சை பிடிக்கும்.

இனி உங்கள் கணவருக்கு. ஆற்றில், ஏரியில் சோப்புப் போட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். டப்பாவில் மக்கும் சோப்பு என்று அச்சடித்திருந்தாலும் அது மக்க வேண்டிய இடம் மண். தண்ணீரை மொண்டு வந்து, கரையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளித் துவைத்து, அழுக்குத் தண்ணீரைக் காய்ந்த தரையில் பரவலாக ஊற்றுங்கள். பாங்காங் ஏரிக்குப் போவீர்கள், அந்த ஏரியிலிருந்து எந்த ஆறும் வெளியே போவதில்லை. அதில் கலப்பது அதிலேயே கிடக்கும். போதாததற்கு அது உப்பு நீர், சோப்பும் ஒழுங்காக நுரைக்காது. கிராமத்து அடிபம்பு மேடையும் அப்படித்தான். அங்கே ஊற்றுகிற சோப்புத் தண்ணீர், மேடை வெடித்திருந்தால், அந்த ஊர் குடிக்கிற தண்ணீருக்கே இறங்கும். குடத்தோடு நிற்கும் பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, வரிசையில் நின்று, உங்கள் கேனை நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். நமக்கு அது ஒருநாள் பயணம், அவர்களுக்கு அது அன்றாடம். ஊர் ஊராகப் போகிறவர்கள் இதை மறந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கடைசியாகப் பாதை. ஜூனில் கொங்கன் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை முழு வேகத்தில் இருக்கும், ஒரு பனியன்கூடக் காயாது. பெங்களூர், ஹூப்ளி, பீஜப்பூர், சோலாப்பூர் என்று உள்ளே ஏறுங்கள். சோலாப்பூர் பக்கமெல்லாம் மலையின் மழைமறைவு, மழைக்கு நடுவே வெயிலும் கிடைக்கும். லடாக்கில் கவலையே இல்லை, குளிரானாலும் வறண்ட காற்று, துணி சீக்கிரம் காய்ந்துவிடும். கொங்கனை டிசம்பரில் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அண்ணன்