கேள்வி-பதில்: கடன் கெட்டவருக்குக் கடல் கடந்து கணக்கு உண்டா?

செப்டம்பர் மாதச் சேர்க்கைக்குப் பிள்ளைகளை வழியனுப்பும் வீடுகளிலிருந்து வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகையால் வெளிநாட்டு வங்கிக் கணக்கைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: மகன் முதுநிலைப் படிப்புக்காகப் பர்மிங்காம் செல்கிறான். வேலையில் இருந்தபோது வாங்கிய கிரெடிட் கார்டைக் கட்டாமல் விட்டதால் அவனுடைய சிபில் மதிப்பெண் 580. இதோடு போனால் அங்கே எந்த வங்கியும் கணக்குத் தராது, "ஸ்கோர் பார்க்காத கணக்கு" ஒன்றை இங்கிருந்தே எடுத்துத் தருகிறோம் என்று கோவையில் ஓர் ஏஜென்சி 18,000 ரூபாய் கேட்கிறது. கட்டிவிடலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: கட்ட வேண்டாம். சிபில் என்பது இந்தியாவில் வாங்கிய கடனுக்கான இந்தியப் பதிவேடு. இங்கிலாந்து வங்கிகள் அந்நாட்டின் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் பதிவுகளைத்தான் பார்க்கும். நிறுவனங்களின் பெயர்கள் இங்கும் அங்கும் ஒன்றுபோல் இருந்தாலும், இங்குள்ள பதிவு தானாக அங்கே போய்ச் சேர்வதில்லை. உங்கள் மகன் அங்கே கெட்ட பெயரோடு இறங்கப் போவதில்லை. பெயரே இல்லாமல் இறங்கப் போகிறான். அப்படிப்பட்டவருக்கு, இருப்புக்கு மேல் எடுக்க உதவும் ஓவர்டிராஃப்டும் கடன் அட்டையும் எளிதில் கிடைக்கமாட்டா. கணக்கு கிடைக்கும்.

அதற்குச் சட்டமே இருக்கிறது. 2015ஆம் ஆண்டு அந்நாடு கொண்டுவந்த கணக்கு விதிகளின்படி, அங்குள்ள பெரிய வங்கிகள் கட்டணமில்லாத அடிப்படைக் கணக்கு ஒன்றைத் தந்தாக வேண்டும். கடன் வரலாறு மோசம் என்ற ஒரே காரணத்துக்காக அதை மறுக்க முடியாது. டெபிட் கார்டு உண்டு, சம்பளம் வரவு வைக்கலாம், வீட்டு வாடகை தானாகப் போகும்படி வைத்துக்கொள்ளலாம்; இருப்புக்கு மேல் எடுக்க மட்டும் முடியாது. பாஸ்போர்ட்டும், விசா நிலையைக் காட்டும் சான்றும், பல்கலைக்கழகம் வங்கிக்கென்று எழுதித் தரும் முகவரிக் கடிதமும் போதும். அந்தக் கடிதத்தைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். ஏஜென்சி விற்கப் பார்ப்பது இந்த இலவசக் கணக்கைத்தான். மிச்சமாகும் 18,000 ரூபாயைக் கொண்டுபோய்க் கார்டு பாக்கியில் கட்டுங்கள்.

கேள்வி: தேங்காய் வியாபாரத்தில் நொடித்ததால் என் சிபில் பாழாகிவிட்டது. ஜெர்மனியில் படிக்கப் போகும் மகளின் வங்கிக் கணக்கை இது பாதிக்குமா?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: பாதிக்காது, நீங்கள் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடப் போகும் கல்விக் கடனைத்தான் பாதிக்கும். விசாவுக்கென்று, மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்க முடிகிற "முடக்கப்பட்ட கணக்கு" ஒன்றில் ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டியிருக்கும் என்பதால், அந்தத் தொகை எங்கிருந்து வரும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சிபில் மதிப்பெண்ணைப் 15 நாளில் 750க்கு மேல் ஏற்றித் தருவதாக ஒருவர் 8,000 ரூபாய் கேட்கிறார். மகளின் படிப்புக் கடனுக்காக அவசரமாகத் தேவைப்படுகிறது. கொடுக்கலாமா?
— வாசகர், கரூர்

பதில்: இதே வேலைக்கு நான் 3,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவன் என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு கடையில், புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் வெட் கிரைண்டர் ஒன்றை, ரொக்கம் கையில் இருந்தும் "வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைப் பார்த்துத் தவணையில் வாங்கினேன். கடைப் பையன் கையகலத் திரையை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துங்க சார், அவ்வளவுதானுங்க" என்றான். விரலால் கிறுக்கிவிட்டு வந்தேன். செயலாக்கக் கட்டணம், நீட்டித்த வாரண்டி, நான் கேட்காத ஓர் உறுப்பினர் அட்டை ஆகிய மூன்றும் அந்தக் கிறுக்கலுக்குள் இருந்தன. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டிதான் செயலாக்கக் கட்டணமாக வேடம் போட்டு வருகிறது என்று ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது; கடைப் பலகைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. இடையில் நான் வங்கியை மாற்றியதால் கடைசித் தவணையான 849 ரூபாய் திரும்பிப் போயிற்று. தவறு என்னுடையது. ஆனால் அதைக் கட்டி முடித்த பிறகும், கட்டாதவன் என்ற பதிவு அப்படியே நின்றது. வீட்டுக் கடன் கேட்கப் போனபோதுதான் அது எனக்கே தெரிந்தது.

அப்போது வந்து சேர்ந்தவர்தான் அந்த 3,500 ரூபாய் ஆசாமி. பளபளப்பான விசிட்டிங் கார்டு, தோல் பை, பேச்சில் தேன். இரண்டு வாரம் கழித்து அவர் கொடுத்தது என்னுடைய கடன் அறிக்கையின் நகல் ஒன்றை மட்டுமே. அந்த முழு அறிக்கையை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை நமக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பிறகு நானே, கட்டிய ரசீதை இணைத்து இணையத்தில் ஆட்சேபணை பதிந்தேன். மாதம் முடிவதற்குள் பதிவு திருத்தப்பட்டது. 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் அசையாதவர்கள் மீது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்டுக்கொள்ளலாம்.

தவறான பதிவை நீங்களே திருத்தலாம், அதற்குக் காசில்லை. சரியான பதிவை எவராலும் அழிக்க முடியாது, 8,000 ரூபாய் வாங்குகிறவராலும் முடியாது.

கேள்வி: 2019இல் துபாயிலிருந்து வேலையை விட்டு வந்தபோது கார்டில் 22,000 திர்ஹம் பாக்கி. ஊருக்கு வரும் மாதத்தில் இரண்டு ஐபோனும் ஒரு சங்கிலியும் அதில்தான் வாங்கினேன். இப்போது மீண்டும் அங்கே வேலை கிடைத்திருக்கிறது. வேறு வங்கியில் கணக்குத் தொடங்கினால் தெரியவா போகிறது?
— வாசகர், நாமக்கல்

பதில்: தெரியும். அமீரகத்தில் எல்லா வங்கிகளின் கடன் விவரங்களையும் அல் எதிஹாத் கடன் தகவல் நிறுவனம் ஒரே இடத்தில் திரட்டி வைத்திருக்கிறது. சம்பளம் வரவு வைக்க மட்டும் ஒரு கணக்கை ஏதேனும் ஒரு வங்கி கொடுக்கலாம். ஆனால் பழைய வங்கி நீதிமன்றம் போயிருந்தால், கணக்கைவிடப் பெரிய தொல்லை விமான நிலையத்திலேயே காத்திருக்கக்கூடும். கார்டு வாங்கும்போது வெற்றுக் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்தீர்களா என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். 2022 முதல் பணமின்றித் திரும்பும் காசோலை பெரும்பாலும் குற்ற வழக்காவதில்லை என்றாலும், அதை வைத்தே நேரடியாக வசூல் நடவடிக்கையில் இறங்க வங்கியால் முடியும்.

ஊரில் இருந்தால் பத்திரம் என்ற எண்ணமும் வேண்டாம். அமீரக உரிமையியல் நீதிமன்றங்களின் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தின் மூலமே நிறைவேற்றலாம் என்று 2020 ஜனவரியில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுவிட்டது. போகிற மாதத்தில் இரண்டு ஐபோன் வாங்கியவர் திருப்பிக் கட்டும் எண்ணத்தோடு வாங்கினார் என்று நான் நம்ப வேண்டுமா? வங்கிக்கு இன்றே மின்னஞ்சல் எழுதி, தொகையைப் பேசி முடித்து, பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: லண்டனில் படிக்கும் என் மகனிடம், "என் கணக்கு முடங்கிவிட்டது, உன் கணக்கில் பணம் வரட்டும்" என்று அறைத் தோழன் கேட்டிருக்கிறான். 1,900 பவுண்டு வந்தது. அவன் சொன்ன கணக்குக்கு இவன் மாற்றி அனுப்பினான். இப்போது இவனுடைய கணக்கை மூடிவிட்டார்கள். வேறு எந்த வங்கியும் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது. இரவெல்லாம் போனில் அழுகிறான்.
— தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, முதலில் அவனைத் திட்டாதீர்கள். இப்படிப் பிறர் பணத்தைச் சுமந்து கொடுப்பவர்களுக்கு அந்நாட்டு வங்கிகள் கோவேறு கழுதை என்று பெயர் வைத்திருக்கின்றன. சுமப்பது என்னவென்று தெரியாமல் சுமந்த பிள்ளைக்கு அந்தப் பெயரே ஒரு தண்டனை.

சிஃபாஸ் என்னும் மோசடித் தடுப்புப் பதிவேட்டில் அவன் பெயர் ஏறியிருக்கக் கூடும். ஏறினால் 6 ஆண்டுகள் நிற்கும். மோசடிக் குறிப்பு இருந்தால் அடிப்படைக் கணக்கைக்கூட வங்கிகள் மறுக்கின்றன. என்ன பதிவாகியிருக்கிறது என்பதை சிஃபாஸிடமே இலவசமாகக் கேட்டுப் பெறச் சொல்லுங்கள். பிறகு, பெயரை ஏற்றிய வங்கிக்கு எழுத்துமூலமாகப் புகார் கொடுக்க வேண்டும். தோழன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள்தாம் இதில் உயிர்நாடி, ஒன்றையும் அழிக்க வேண்டாம். வங்கி 8 வாரத்துக்குள் முடிவு சொல்லாவிட்டாலும், மறுத்தாலும், அந்நாட்டின் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்கும் கட்டணம் இல்லை. தெரிந்தே செய்தான் என்பதற்குச் சான்றில்லாமல் ஏற்றப்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டதுண்டு. பல்கலைக்கழக மாணவர் சங்கத்திலும் ஆலோசகர்கள் இருப்பார்கள். தனியாக எழுத வேண்டாம், அவர்களை வைத்துக்கொண்டு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கனடாவில் தம்பிக்கு வேலை இன்னும் அமையவில்லை என்று வங்கிக் கிளையில் கணக்கு மறுத்துவிட்டார்கள்.
— வாசகர், ஈரோடு

பதில்: வேலை இல்லை, போடப் பணம் இல்லை, திவாலானவர் என்ற காரணங்களைக் காட்டிக் கணக்கை மறுக்க அந்நாட்டு வங்கிகளுக்கு உரிமை இல்லை. மறுப்பை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் கணக்குத் தொடங்கிய பிறகு ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை அப்படியே விட்டுவிடலாமா?
— வாசகர், தாராபுரம்

பதில்: கூடாது. வேலைக்காக வெளிநாட்டில் குடியேறியவர் அதை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றும்போது, அதிலிருந்து தானாகப் போகும் தவணை ஏதேனும் மிச்சமிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். என் கிரைண்டர் அங்கேதான் மாட்டியது.