ஓடையின் பெயர்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் சட்டம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. சுற்றுச்சூழல் சட்டத்தில் மேற்படிப்புக்குப் போக ஆசை. ஆற்றுக்கும் மலைக்கும் வாதாடினால் ஃபீஸ் யார் கொடுப்பார்கள் என்று வீட்டில் கேட்கிறார்கள். வகுப்பிலோ ஆண்டும் பிரிவு எண்ணும் மட்டும்தான். இது நம்பிப் படிக்கக்கூடிய துறைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஃபீஸ் கொடுக்க ஆள் உண்டு, பெரும்பாலும் அனுமதி கேட்கும் கம்பெனிகள். எந்தப் பக்கம் நிற்பது என்பது உங்கள் பாடு.

ஆண்டையும் எண்ணையும் மட்டமாக நினைக்காதீர்கள். ஒரு திட்டத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான் கெடு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை தரலாம், அதோடு சரி. சென்னை–சேலம் எட்டு வழிச்சாலை வழக்கில் மோதிக்கொண்டதும் பெரிய தத்துவங்கள் அல்ல, எது முதலில் என்ற கேள்விதான். நிலம் எடுக்கும் அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது உயர் நீதிமன்றம், 2019 ஏப்ரலில். அந்தக் கட்டத்தில் தேவையில்லை என்றது உச்ச நீதிமன்றம், 2020 டிசம்பரில். இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். எனக்கு முதலாவதுதான் ஏற்புடையது. ஆனால் வக்கீலுக்கு இரண்டாவதும் கரைத்துக் குடித்ததாக இருக்க வேண்டும்.

வகுப்பில் கிடைக்காத ஒன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் சேர்வராயன் மலையடிவாரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில், கல்குவாரிக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஒரு பாட்டி மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கும் ஓடையின் பெயரைச் சொன்னார். அது எந்த வேப்பமரத்தருகே திரும்புகிறது, எந்தெந்தக் கிணறுகளுக்கு ஊற்றுக் கொடுக்கிறது என்று விரல் மடக்கிச் சொன்னார். மண்டபமே கேட்டுக்கொண்டிருந்தது. பின்னர் கூட்டப் பதிவின் நகலைப் பார்த்தேன். ‘தண்ணீர் குறித்து ஆட்சேபம் தெரிவித்தார்’ என்று ஒரே வரி. ஓடையின் பெயர் எங்கும் இல்லை.

கூட்டம் முடியும்போது பதிவின் சுருக்கத்தை மக்களின் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்கிறது சுற்றுச்சூழல் அனுமதிக்கான 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை. அன்று வாசித்தார்களா என்று எனக்குத் தெரியாது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர்களில் நானும் ஒருவன். சட்டம் தெரிந்த ஒரே ஒருவர் உட்கார்ந்திருந்து, அந்த வரியைத் திருத்தச் சொல்லி, ஓடைப் புறம்போக்கின் சர்வே எண்ணோடு எழுத்தில் ஒரு மனு கொடுத்திருந்தால் பாட்டி சொன்னது கோப்பில் ஏறியிருக்கும்.

ஆகவே மேற்படிப்புக்கு முன், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புல வரைபடமும், எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேடும் படிக்கப் பழகுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் நின்றாலே பாதி பாடம் முடியும். தோல் பதனிடும் ஆலைகளால் பாலாறு கெட்டது பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு வேலூர் தீர்ப்பைப் படியுங்கள். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை நம் சட்டத்தில் ஊன்றி நின்றது அதில்தான். படித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமணிமுத்தாற்றின் கரையோடு மலையடிவாரத்திலிருந்து நகரம் வரை நடந்து பாருங்கள். தண்ணீர் எந்த இடத்தில் நிறம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள்.