சித்தாங் ஆற்றங்கரையில் கிடைத்த பதக்கம்

கேள்வி: ஊட்டி–குன்னூர் சாலையில் வெலிங்டன் அருகே இருக்கும் ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷாவின் கருங்கல் சிலையைக் கடந்துதான் தினமும் கல்லூரிக்குச் செல்கிறேன். 1971 போரில் வெற்றி தேடித் தந்த தளபதி என்ற அளவில் அவரை அறிவேன். ஆனால் அவர் இளம் வயதிலேயே களத்தில் நேருக்கு நேர் நின்று போரிட்டு வீரப்பதக்கம் பெற்றவர் என்று என் தாத்தா சொல்கிறார். அது எந்தப் போர்?
– கல்லூரி மாணவி, அருவங்காடு

பதில்: தங்கள் தாத்தா சொல்வது முற்றிலும் உண்மை. அது இரண்டாம் உலகப் போர், இடம் பர்மா. 1942 பிப்ரவரியில் ஜப்பானியப் படைகள் ரங்கூனை நோக்கி வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தன. சித்தாங் ஆற்றுப் பாலம் அவர்கள் கைக்குப் போய்விட்டால் ரங்கூனுக்குப் போகும் வழி திறந்துவிடும் என்ற நிலை. பாலத்தை ஒட்டியிருந்த பகோடா குன்றை மீட்கும் பொறுப்பு ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டின் ஒரு கம்பெனிக்கு வந்தது. அதற்குத் தலைமை ஏற்றிருந்த கேப்டன் சாம் மானெக்‌ஷாவுக்கு அப்போது வயது 27. தம் வீரர்களுடன் முன்னேறிக் குன்றைக் கைப்பற்றிய வேளையில் இயந்திரத் துப்பாக்கியின் குண்டுகள் அவர் வயிற்றைத் துளைத்தன.

அவர் பிழைக்க மாட்டார் என்றே அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். அந்தக் கம்பெனி இடம்பெற்றிருந்த டிவிஷனுக்கே பின்னர் தளபதியான டேவிட் கோவன், இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் வழங்க முடியாது என்று சொல்லித் தம் மார்பிலிருந்த அந்தப் பதக்கத்தின் ரிப்பனைக் கழற்றிக் கேப்டனின் சட்டையில் குத்தினார். வெள்ளை, ஊதா, வெள்ளை என்று மூன்று பட்டைகள் மட்டுமே கொண்ட சிறு துணித் துண்டு அது. அன்று ரத்தம் தோய்ந்த சட்டையில் ஏறிய அந்தப் பட்டைகள், பிற்காலத்தில் ஃபீல்டு மார்ஷலின் சீருடையில் வரிசை வரிசையாகத் தெரிந்த பதக்கங்களுக்கு நடுவிலும் இருந்தன. விருது அதே ஆண்டு ஏப்ரலில் முறைப்படி அறிவிக்கப்பட்டது.

இந்த இடத்தில் இன்னொருவர் பெயரைச் சொல்லாமல் போனால் பதில் நிறைவுறாது. மானெக்‌ஷாவைக் களத்திலிருந்து தூக்கிச் சுமந்து மருத்துவரிடம் சேர்த்தவர் அவருடைய ஆர்டர்லியான சிப்பாய் ஷேர் சிங். குண்டு பாய்ந்த உடலைப் பார்த்துத் தயங்கிய மருத்துவரை விடாமல் வற்புறுத்திச் சிகிச்சைக்கு இணங்கவைத்தவரும் அவரே. என்ன ஆயிற்று என்று அறுவைச் சிகிச்சை நிபுணர் கேட்டபோது, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று மானெக்‌ஷா பதில் சொன்னதைப் பலரும் ரசித்து நினைவுகூர்கிறார்கள், நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல அவர் உயிரோடு இருந்ததற்குக் காரணமான ஷேர் சிங்கை அதே அளவுக்கு நாம் நினைப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அந்தச் சிப்பாய் அன்று அவரை அங்கேயே விட்டுவந்திருந்தால் 1971-இல் நமக்கு அந்தத் தளபதி இருந்திருக்க மாட்டார்.

தாங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் இருப்பதால், அவரும் அந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்று நம் மலையில் சிலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பர்மாவில் அவர் போரிட்ட ரெஜிமென்ட் 1947 பிரிவினையில் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. அதன் பிறகு அவர் கூர்க்கா படையினரோடு இணைக்கப்பட்டார். வெலிங்டனுடன் அவருக்கு இருந்த உறவு வேறு: சீனப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இங்குள்ள ஸ்டாஃப் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1973-இல் ஓய்வு பெற்றதும் குன்னூரிலேயே வீடு அமைத்துக் குடியேறினார்.

கேள்வி: மானெக்‌ஷாவின் சமாதி எங்கே உள்ளது? சென்று வணங்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் 2008 ஜூன் 27 அன்று, தமது 94-ஆம் வயதில் காலமானார். நாட்டின் மிக உயர்ந்த பதவிகளில் இருந்தோர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என்ற மனக்குறை அன்று எழுந்தது. அது நியாயமான குறை என்றே இன்றும் கருதுகிறேன். உதகையில் உள்ள பார்சி கல்லறைத் தோட்டத்தில், 2001-இல் மறைந்த மனைவி சில்லூவின் கல்லறைக்கு அருகிலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அது அந்தச் சமூகத்தாரின் புனித இடம் என்பதால், முன்கூட்டியே அனுமதி கேட்டுச் செல்வதே முறையாக இருக்கும்.