ஆர்க்டிக்கில் 38 டிகிரி, அண்டார்டிகாவில் வழக்கத்தைவிட 40 டிகிரி கூடுதல் என்கிறார்களே, உண்மையா? அங்கே கொஞ்சம் சூடானால் நல்லதுதானே?

"மன்னார்குடியில் கத்திரி வெயிலுக்கே 38, 39தான் அடிக்கிறது, துருவத்தில் எப்படி 38 வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, குளிரில் உறைந்து கிடக்கிற ஊர் கொஞ்சம் சூடானால் நல்லதுதானே என்றும். இரண்டாவது கேள்விதான் கனமானது. முதலாவதை முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

38 டிகிரி உண்மை. 2020 ஜூன் 20 அன்று சைபீரியாவில் வெர்கோயான்ஸ்க் என்ற சிற்றூரில் பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இதுவரை பதிவான மிக அதிக வெப்பம் என்று உலக வானிலை அமைப்பு சரிபார்த்து 2021 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த ஊரின் பழைய கணக்கைப் பார்த்தால் பாதி ஆச்சரியம் அடங்கிவிடும். 1988லேயே அங்கே 37.3 டிகிரி வந்திருக்கிறது. அதே ஊரில் 1892ல் மைனஸ் 67.8. கோடைக்கும் குளிருக்கும் நடுவே நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம்.

காரணம், கடல் அந்த ஊருக்கு வெகு தூரம். நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். மதியம் கடல்காற்று ஏறினால் வெயில் தணியும். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து வரும் மேல்காற்று பலமாக அடித்து கடல்காற்றைக் கரையிலேயே நிறுத்திவிட்ட நாளில் கடலோர ஊரும் கொதிக்கும். வெர்கோயான்ஸ்க்குக் கடல்காற்று என்றைக்குமே கிடையாது. போதாததற்கு ஜூனில் அங்கே சூரியன் மறைவதில்லை. நமக்குப் பன்னிரண்டரை மணி நேர வெயில், அங்கே 24 மணி நேரமும் வெளிச்சம்.

2020ல் அசாதாரணமாக இருந்தது அந்த ஒரு நாள் மட்டும் அல்ல. ஜனவரியில் இருந்தே சைபீரியா முழுக்க வழக்கத்தைவிட மிகவும் சூடாக இருந்தது. பனி முன்கூட்டியே உருகிவிட்டது, மண்ணும் காய்ந்துவிட்டது. தண்ணீர் நிற்கும் நாற்றங்காலுக்கும் பாளம் பாளமாக வெடித்த தரிசுக்கும் நடுவில் உள்ள வரப்பில் நின்று பாருங்கள். ஈர மண்ணில் வெயிலின் பெரும்பங்கு நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். காய்ந்த மண்ணில் அத்தனையும் மண்ணையும் அதன் மேல் இருக்கும் காற்றையும் சூடாக்கப் போகும். அங்கேயும் அதேதான் நடந்தது.

இந்த மாதிரிச் செய்திகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அளந்தது எதை? 2021 ஜூனில் "ஆர்க்டிக்கில் 48 டிகிரி" என்று பரவியது. அது செயற்கைக்கோள் அளந்த தரையின் சூடு, காற்றின் வெப்பம் அல்ல. அன்றைக்கு அங்கே காற்று 30 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் மதியம் வெறுங்காலோடு நிற்க முடியாது. அதற்காக ஊரில் 55 டிகிரி வெயில் என்று யாரும் சொல்ல மாட்டோம். வானிலை நிலையங்கள் காட்டும் எண், தரையில் இருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நேர் வெயில் படாமல் காற்று மட்டும் புகுந்து போகிற வெள்ளைக் கூட்டுக்குள் எடுத்தது.

அந்தக் கூடு சரியில்லாவிட்டால் எண்ணும் போயிற்று. 2020 பிப்ரவரியில் அண்டார்டிகாவை ஒட்டிய செய்மூர் தீவில் 20.75 டிகிரி என்று ஒரு பதிவு வந்து உலகமே பேசியது. ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணை, அதாவது உறைமண்ணை, ஆராய வைத்த கருவி அது. அதன் வெயில் மறைப்பு வழக்கமான முறையில் அமைந்ததல்ல, அதனால் வெப்பத்தை அளக்கும் உணரி கூடுதலாகச் சூடாகியிருக்கிறது என்று கண்டு அந்தப் பதிவை நிராகரித்தார்கள். அதே வாரத்தில் எஸ்பெரான்ஸா நிலையத்தில் பிப்ரவரி 6 அன்று பதிவான 18.3 டிகிரி சோதனையில் தேறி, அண்டார்டிகக் கண்டத்தின் உச்சமாக நிற்கிறது. அதற்குக் காரணம் மலை தாண்டி இறங்கும் காற்று. ஈரக்காற்று மலை ஏறும்போது கிலோமீட்டருக்கு 6, 7 டிகிரிதான் குளிரும். ஈரத்தை மேலேயே கொட்டிவிட்டுக் காய்ந்து இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 டிகிரி வரை சூடேறும். கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் வறண்டு வீசும் மேல்காற்றும் இந்த வகைதான்.

இப்போது அந்த 40 டிகிரி கணக்கு. கிழக்கு அண்டார்டிகாவின் பனி மேட்டில், 3,200 மீட்டருக்கு மேல் உள்ள கான்கார்டியா ஆய்வு நிலையத்தில் மார்ச் மாதம் மைனஸ் 50 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். 2022 மார்ச் 18 அன்று மைனஸ் 11.8. அதாவது 40 டிகிரி கூடுதல் என்பது வழக்கத்துக்கும் அன்றைக்கும் உள்ள வித்தியாசம். 40 டிகிரி வெயில் அடித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செய்திகளில் பெரும்பாலும் குழப்புவது இங்கேதான்.

நடந்தது என்னவென்றால், ஆஸ்திரேலியா பக்கத்துக் கடலில் இருந்து ஈரக்காற்று ஒரு நீண்ட ஆறு மாதிரி உள்ளே போனது. மேகம் மூடியது. மார்கழி விடியலை நினைத்துக்கொள்ளுங்கள். வானம் துல்லியமாக, காற்றே இல்லாமல் இருந்தால் வயலில் பனி மூடும், உடம்பு நடுங்கும். மேகம் வந்துவிட்டால் அதே மார்கழியில் புழுங்கும். துருவத்தில் இது பல மடங்கு. தரையை ஒட்டிக் கடும் குளிர்காற்று ஒரு மெல்லிய படுகையாகக் கிடக்கும். சில நூறு மீட்டர் மேலே போனால் 20, 30 டிகிரி கூடுதலாகவே இருக்கும். மேகமும் பலத்த காற்றும் வந்தால் அந்தப் படுகை கலைந்து, மேலே உள்ள சூடு கீழே வந்துவிடும். குளிர்கால ஏற்றங்கள் இவ்வளவு பெரிதாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம்.

சரி, நல்லதுதானே என்ற கேள்விக்கு வருவோம். மைனஸ் 50 என்பது மைனஸ் 12 ஆனால் பனி பனியாகவேதான் இருக்கும். மைனஸ் 3 என்பது பிளஸ் 2 ஆனால்தான் வினை. பூஜ்யத்தைத் தாண்டினால் பனிக்குப் பதில் மழை பெய்யும்.

ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், நம் நாட்டின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கும் நி-ஓலெசுண்டில், 2012 ஜனவரி கடைசியில் ஒரே நாளில் 98 மி.மீ. மழை. ஐப்பசியில் வேதாரண்யத்துக்கு அது சாதாரணம். அங்கே இருட்டு, குளிர்காலத்தின் நடு. மழைநீர் பனிக்குள் இறங்கி அடியில் உள்ள மண்ணைத் தொடும். மண் உறைந்து பாறையாக இருப்பதால் குடிக்காது. நீர் அங்கேயே உறைந்து, விரற்கடைக் கணக்கில் கண்ணாடிப் பாளமாக நிற்கும். ரெயின்டீர் மான் குளம்பால் பனியைப் பறித்துத்தான் அடியில் உள்ள பாசியையும் புல்லையும் தின்னும். பஞ்சுப் பனியைப் பறிக்கலாம், பாளத்தை உடைக்க முடியாது. இரை அரையடிக்குக் கீழே இருக்கும்போதே மான் பட்டினியில் சாகும். ஸ்வால்பார்டில் சில மான்கள் கடற்கரைக்கு இறங்கிக் கடற்பாசி தின்றே குளிர்காலத்தைத் தள்ளுகின்றன. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் பெய்த இப்படி ஒரு மழைக்குப் பின் சுமார் 61,000 மான்கள் செத்தன. மான் வளர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நெனெட்ஸ் குடும்பங்களுக்கு அது மொத்த முதலும் போனது மாதிரி.

2023 பிப்ரவரி முதல் வாரம் டெல்டாவில் பெய்ததும் பருவம் தவறிய மழைதான். ஐப்பசியில் பெய்திருந்தால் பயிருக்கு உயிர். அறுப்புக்கு நின்ற சம்பா சாய்ந்து, கதிரிலேயே நெல் முளைத்தது. கொள்முதலுக்கு வேண்டிய 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காயவைக்க வெயிலும் இல்லை. அந்த வேதனை தெரிந்தவர்களுக்கு நெனெட்ஸ்காரர்களின் நிலைமையை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிலோ நீர் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும். 10 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்கு 10 கிலோ நீர், 3,340 கிலோஜூல். 30 செ.மீ. கெட்டிப்பனியை, அதாவது சதுர மீட்டருக்கு 100 கிலோவை, மைனஸ் 16ல் இருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவர இது போதும். ஒரே ஒரு சிறு மழை, மாதக்கணக்கில் சேர்ந்த குளிரை அழித்து, அடியில் உள்ள உறைமண்ணையும் சூடாக்கிவிடும். 2021 ஆகஸ்ட் 14 அன்று, 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள கிரீன்லாந்தின் உச்சி நிலையத்திலேயே மழை பெய்தது. அங்கே மழை பதிவானது அதுவே முதல் முறை.

நம்மூருக்கு என்ன என்றால், துருவத்தில் சூடு என்பதற்காக இங்கே இந்தப் புயல் வந்தது என்று நேராக முடிச்சுப் போட முடியாது. கடல்மட்டம் நேரடித் தொடர்பு. மிதக்கும் பனி உருகினால் மட்டம் அநேகமாக மாறாது. கிரீன்லாந்து மாதிரி நிலத்தின் மேல் இருக்கும் பனி உருகினால் ஏறும். 1993க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சராசரியாக 10 செ.மீ. ஏறிவிட்டது. தலைஞாயிறு, வேட்டைக்காரனிருப்பு மாதிரி கடைமடையில் வடிகாலுக்குச் சரிவே சொற்பம். அங்கே 10 செ.மீ. என்பது மழைநீர் கடலுக்கு வடியுமா, வயலில் நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் அளவு.

நெல்லுக்கும் ஸ்வால்பார்டில் ஒரு பங்கு உண்டு. அங்கே மலையைக் குடைந்து 2008ல் திறந்த உலக விதைப் பெட்டகத்தில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பிய நெல் ரகங்கள் மைனஸ் 18 டிகிரியில் இருக்கின்றன. மின்சாரம் போனாலும் உறைமண் காக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2016 அக்டோபரில், உறைந்திருக்க வேண்டிய நேரத்தில் மழை பெய்து, நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே போனது உறைந்துவிட்டதால் விதைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு அந்தச் சுரங்கத்தை எடுத்துவிட்டுத் தண்ணீர் புகாத கான்கிரீட்டில் புதிதாகக் கட்டினார்கள்.