பேரல் மீது பழி போடும் முன்

கேள்வி: என் மகள் 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் போட்டியிட, வார இறுதிகளில் மதுரைக்குச் சென்று பயிற்சி பெறுகிறாள். பழைய பெட்டித் தோட்டாக்கள் இலக்குத் தாளின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வளையத்துக்குள் அடங்கின. அதே கம்பெனியின் புதுப் பெட்டியைத் திறந்ததிலிருந்து சிதறுகின்றன. பேரல் (துப்பாக்கிக் குழல்) தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். பேரல் ஒரு வாரத்தில் தேய்வதில்லை. தோட்டாவின் லாட்டோ, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியோ, பெட்டிக்குப் பெட்டி மாறக்கூடும். இரண்டு பெட்டிகளிலும் அச்சிட்டுள்ள லாட் எண்களை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய லாட்டில் ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டாக்கள், மிச்சமிருந்தால் அதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிடாதீர்கள். அதுதான் உங்கள் எடைக்கல்.

உங்கள் மகள் சுடும் .22 தோட்டாவில் தீப்பற்றும் கலவை அடிவிளிம்புக்குள்ளேயே இருப்பதால், பெரிய ரைஃபிள்காரர்களைப் போல வெடிமருந்தைக் கூட்டியும் குறைத்தும் காலித் தோட்டாக் கூட்டை நிரப்பிப் பார்க்க நமக்கு வழியில்லை. எந்த லாட்டை வாங்குவது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. ஒரு பேரலுக்கு ஒத்துப்போகும் லாட், அதே தொழிற்சாலையில் செய்த இன்னொரு பேரலுக்கு ஒத்துவராமல் போவதும் உண்டு. அதனால்தான் ஈலி, லாப்புவா போன்ற தோட்டா நிறுவனங்கள், வீரர்கள் தங்கள் ரைஃபிளையே கொண்டுவந்து லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கச் சோதனைக்கூடங்களை நடத்துகின்றன.

ரைஃபிளை வைஸில் இறுக்கிச் சுடுவதே சிறந்தது. அது கிடைக்காவிட்டால் மணல் மூட்டை மீது அசையாமல் வைத்துச் சுடலாம். ஒவ்வொரு லாட்டிலும் குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலின் உட்புறத்தில் படிய வேண்டுமென்பதால், முதல் 10 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு ஒவ்வொரு தாளிலும் 10 குண்டுகள் வீதம் 4 தாள்கள். எந்த லாட் என்று மகளிடம் சொல்லாமல் தோட்டாவை நீங்களே எடுத்துக் கொடுங்கள். பிடித்த லாட்டை மனம் அறியாமலேயே நன்றாகச் சுடும். ஐந்து குண்டுகள் அழகாக ஒட்டி விழுந்த ஒரே தாளை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டும் வழக்கம் நம் ரேஞ்சுகளில் அதிகம். அந்தத் தாளை நம்பாதீர்கள். அதே ரைஃபிள், அதே லாட்டாக இருந்தாலும், பத்துக் குண்டுகளின் பரவல் ஐந்து குண்டுகளின் பரவலைவிடச் சராசரியாக ஏறக்குறைய கால் பங்கு அதிகமாக இருக்கும்.

துளைகள் விழுந்திருக்கும் வடிவத்தையும் பாருங்கள். மேலும் கீழுமாக நீண்டிருந்தால் பெரும்பாலும் வேகம் சீராக இல்லை என்று பொருள். குண்டின் வேகம் நொடிக்கு 320 மீட்டரிலிருந்து 330 மீட்டராக மாறினால், 50 மீட்டரில் உயரம் ஏறக்குறைய 7 மி.மீ. மாறிவிடும், பத்து வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ. தான். இடமும் வலமுமாகப் பரவியிருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். நொடிக்கு 1 மீட்டர் வேகக் குறுக்குக் காற்றே குண்டைச் சுமார் 5 மி.மீ. தள்ளிவிடும். கச்சான் வீசும் ஆடி மாதத்தை நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கொடி அசையாத விடியற்பொழுதில், இரண்டு லாட்டுகளையும் தாள் மாற்றி மாற்றிச் சுட்டு முடித்துவிடுங்கள். உரிமம் பெற்ற ரேஞ்சில் மட்டுமே இதைச் செய்யுங்கள். பனங்காடு ஆளில்லாமல் கிடக்கிறதே என்று நினைக்காதீர்கள். இந்தச் சிறு குண்டு 1 கிலோமீட்டருக்கு மேல் பறக்கக்கூடியது.

பழைய லாட் அடங்கி, புதியது மட்டும் சிதறினால் பேரல் மீது குற்றமில்லை. இரண்டுமே சிதறினால், அப்போதும் பேரலை மாற்றும் முன், தோட்டா அமரும் இடத்துக்குச் சற்று முன்னே படிந்திருக்கும் கரி வளையத்தைச் சுத்தம் செய்து, பேரல் நுனியின் விளிம்பில் கீறல் உள்ளதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். நுனியில் ஒரு சிறு காயம் இருந்தாலும் குண்டு வெளியேறும்போது வாயு ஒருபக்கமாகத் தள்ளும்; அந்த விளிம்பை மட்டும் தேர்ந்த ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) மீண்டும் கடைந்து வாங்கினாலே பல சமயம் போதும்.

கேள்வி: உப்புக் காற்றில் பேரல் துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?
– வாசகி, தொண்டி

பதில்: சுட்ட அன்றே துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வையுங்கள். நுரைப்பஞ்சு வைத்த பெட்டி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதற்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவிடாதீர்கள். துடைக்கும் கம்பியை எப்போதும் தோட்டா நுழைக்கும் பக்கத்திலிருந்தே செலுத்த வேண்டும். மறுநாள் சுடும் முன் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் முழுவதும் எடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் முதல் சில குண்டுகள் எங்கே விழும் என்று சொல்ல முடியாது.