கேளுங்கள் சொல்கிறோம்: பாட்டு வீடியோவை எங்கே விட்டுப் போகிறார்கள்?

கே: நண்பர்கள் சேர்ந்து எடுத்த தனிப்பாடல் வீடியோவை யூடியூபில் போட்டோம். முதல் 50 நொடி கதைக்காட்சி, பிறகுதான் பாட்டு. கமென்ட்டில் எல்லாரும் பாராட்டுகிறார்கள். பார்வை மட்டும் ஏறவில்லை. என்ன குறை? – வாசகர், மதுரை

ப: கமென்ட் போடுபவர்கள் பெரும்பாலும் கடைசிவரை பார்த்தவர்கள். நடுவில் போனவர் எதையும் எழுதமாட்டார். அவர் எங்கே போனார் என்பது யூடியூப் ஸ்டுடியோவில், அனலிட்டிக்ஸ் பகுதியின் ஆடியன்ஸ் ரிடென்ஷன் கோட்டில், அதாவது எந்த நொடியில் எவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று காட்டும் வரைபடத்தில் இருக்கிறது. 30-வது நொடியில் எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்பதையும் அங்கேயே பார்க்கலாம்.

கோடு முதலில் சரிந்து, பல்லவி தொடங்கும் இடத்தில் மேடாக எழுந்தால், கதையை ஓட்டிவிட்டுப் பாட்டுக்கு வருகிறார்கள் என்று பொருள். பாட்டு பிடித்திருக்கிறது, கதைதான் வழிமறிக்கிறது. அதை 10 நொடிக்குள் சுருக்குங்கள், அடுத்த பாட்டு வீடியோவில் மீதிக் கதையை இடையிசையில் வையுங்கள். சரிந்த கோடு எழவே இல்லையென்றால், தம்ப்நெயிலும் தலைப்பும் வேறு எதையோ எதிர்பார்க்க வைத்துவிட்டன. கதாநாயகனின் அடிதடிப் படத்தை ஒட்டிவிட்டு மெலடி போட்டால் இப்படித்தான் ஆகும். ஸ்டுடியோவில் மூன்று தம்ப்நெயில் வரை போட்டு ஒப்பிடும் வசதி உண்டு, பயன்படுத்துங்கள்.

வீடியோவை அழித்து மறுபடி ஏற்றவேண்டாம், சேர்ந்த பார்வையெல்லாம் போய்விடும். ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே முன்பகுதியை வெட்டலாம், லிங்க் மாறாது. 1 லட்சம் பார்வையைத் தாண்டிய வீடியோவில், பார்ட்னர் திட்டத்தில் (யூடியூப் விளம்பர வருமானத்தைப் பகிரும் திட்டம்) இல்லாத சேனலுக்கு இந்த வெட்டு கிடைக்காமல் போகலாம். அதனால் சீக்கிரம் செய்துவிடுங்கள்.

கோட்டில் வேறெங்காவது மேடு தெரிந்தால் விடாதீர்கள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஒரு நடன அசைவாகவோ மனதில் ஒட்டிக்கொள்ளும் ஹூக் வரியாகவோ இருக்கும். அதில் 15, 20 நொடியை 1080-க்கு 1920 அளவில் நிமிர்த்தி ஷார்ட்ஸாகப் போட்டு, முழுப்பாட்டை ரிலேட்டட் வீடியோவாக இணையுங்கள்.

கே: பணம் குறைவு. லிரிக் வீடியோ போட்டால் மதிப்பார்களா? – வாசகி, தஞ்சாவூர்

ப: தாராளமாக. 2011-ல் ‘கொலவெறி’ பரவியது ஒலிப்பதிவுக் கூடக் காட்சிகளோடுதான். பாடுகிறவர் முகமும் வரிகளும் இருந்தாலே ரசிகர் உட்காருவார். எழுத்தில்தான் கவனம் வேண்டும். ஒரு முறைக்கு நான்கைந்து சொல் போதும். குரல் வருவதற்குக் கால் நொடி முன்னால் வரி தோன்றவேண்டும், பிந்தினால் கூடப் பாட முடியாது. ‘கொ’ என்பது கொம்பும் காலும் தனித்தனியாக உடைந்து தெரிந்தால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. அடோபி பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுங்கள். வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் புள்ளியும் மோதும்.

கே: ஸ்லோ மோஷனில் உதடு ஒட்டவில்லை என்று திட்டுகிறார்கள். – வாசகர், கோவை

ப: நொடிக்கு 48 பிரேமில் எடுத்து 24-ல் ஓட்டுவதானால், படப்பிடிப்பில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டுப் பாடவேண்டும். எடிட்டில் ‘ப’, ‘ம’ வரும் இடங்களை மட்டும் பார்த்து ஒட்டுங்கள். உதடு மூடும் எழுத்துகள் அவை. பார்ப்பவர் கண் தவறைப் பிடிப்பது அங்கேதான்.