மக்காச்சோளம் மட்டும் போட ஆரம்பிச்சதும் கவுதாரியும் முயலும் எங்க போச்சு?

கேள்வி: முன்னாடி நாலஞ்சு பயிர் மாத்தி மாத்தி போட்ட நிலம், இப்ப மூணு வருஷமா மக்காச்சோளம் மட்டும்தான், பக்கத்து நிலமும் அப்படித்தான். கவுதாரி, முயல், கீரி எதையும் காணோம், எலியும் காட்டுப்பன்னியும் மட்டும் ஜாஸ்தி ஆயிடுச்சு. மக்காச்சோளத்தை விட முடியாது, வேற ஏதாவது வழி இருக்கா?

இருக்கு. ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், மக்காச்சோளத்து மேல மட்டும் பழியப் போட்டுட்டு அதுக்குப் பதிலா முழுக்க கோதுமையோ பருத்தியோ போட்டாலும் இதே கதைதான், ஏன்னா பிரச்சனை எல்லா இடத்துலயும் ஒரே பயிர் ஒரே நேரத்துல நிக்கறதும் ஒரே நேரத்துல காலியாகறதும்தான். முயலுக்கு வருஷம் முழுக்க ஏதாவது பச்சையும் ஒளிய இடமும் வேணும். பல பயிர் இருந்தப்ப ஒண்ண அறுத்தா பக்கத்துல இன்னொண்ணு நின்னுச்சு, அங்க போயிடும். இப்ப மெஷின் வந்த ரெண்டே நாள்ல கண்ணுக்கெட்டின தூரம் வெறும் தரை.

"அதான் தானியம் கொட்டிக் கிடக்கே, பறவைக்கு என்ன குறை"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. கவுதாரி மாதிரி தானியம் தின்ற பறவையோட குஞ்சுக்குக்கூட மொத ரெண்டு வாரம் பூச்சிதான் சாப்பாடு. களைக்கொல்லி அடிச்சா களை போகுது, களையில வாழ்ந்த பூச்சி போகுது, குஞ்சு பட்டினி கிடந்து சாகுது, யாரும் கல்லெறியக்கூட வேண்டாம். இங்கிலாந்துல சாம்பல் கவுதாரி 1970க்கு அப்புறம் 90 சதவீதத்துக்கு மேல குறைஞ்சதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பாலூட்டி விஷயத்துல இன்னும் மோசமான ஒரு உதாரணம் இருக்கு. பிரான்ஸ்ல அல்சாஸ் பகுதியில காட்டு ஹாம்ஸ்டர்னு எலி மாதிரி ஒரு பிராணி, அதோட இடத்துல பெரும்பகுதி மக்காச்சோளமா மாறிடுச்சு. ஆராய்ச்சியாளர்கள் கூண்டுல வச்சு மக்காச்சோளத்தையே முக்கிய தீனியா குடுத்துப் பாத்தாங்க, தாய் குட்டி போடுது, ஆனா உயிரோட இருக்கற குட்டியவே தின்னுடுது! 2017ல இது வெளியாச்சு. காரணம் என்னன்னா மக்காச்சோளத்துல இருக்கற பி3 விட்டமின் உடம்பு எடுத்துக்க முடியாதபடி கட்டுண்டு இருக்கு, அந்த விட்டமின தனியா சேர்த்துக் குடுத்ததும் தாய்ங்க சரியாயிடுச்சு. மனுஷங்களுக்கும் மக்காச்சோளத்தையே நம்பி இருந்த காலத்துல பெலாக்ரான்னு ஒரு நோய் வந்துச்சே, அதே குறைபாடுதான். வயிறு ரொம்பறதும் சத்து கிடைக்கறதும் வேற வேற.

எலி ஏன் கூடுதுன்னா அது எதையும் தின்னும், வேகமா குட்டி போடும், அத தின்ற ஆந்தைக்கும் கீரிக்கும்தான் மரமோ புதரோ இல்லாம போச்சு. தயவு செஞ்சு எலி மருந்து வைக்காதீங்க, மருந்து தின்ன எலி உடனே சாகாம தள்ளாடிட்டு திரியும், அத ஆந்தை புடிச்சா விஷம் அதுக்கும் போகும், மிச்சம் இருக்கற ஒண்ணு ரெண்டும் காலி.

சரி, என்ன பண்ணலாம். என் கணக்குல மொத வேலை வயலைத் துண்டாக்கறது. ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவுலயும் 435 இடத்துல பாத்து 2019ல வந்த ஆய்வுல, சராசரி வயல் அளவை 5 ஹெக்டேர்லேர்ந்து 2.8 ஆக்கினா உயிரினங்களுக்கு கிடைக்கற பலன், புதர் புல்வெளி மாதிரி இயற்கையான நிலத்தை 0.5 சதவீதத்துலேர்ந்து 11 ஆக்கினா கிடைக்கற பலனுக்கு சமம்னு தெரிஞ்சுது. அதனால ரெண்டாவது பயிரை ஒரு மூலையில மொத்தமா போடாம நடுவுல பட்டை பட்டையா போடுங்க, பயறு வகை ஏதாவது, விதைக்கற தேதியும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். வரப்பு ஓரமா ஒரு மூணு மீட்டர் மருந்தே படாம புல்லு வளர விடுங்க, அங்கதான் குஞ்சுக்கு பூச்சி. அறுவடைய நடுவுல ஆரம்பிச்சு வெளிய நோக்கி வாங்க, சுத்தி ஆரம்பிச்சா முயல் நடுவுல மாட்டிக்கும். அறுத்த தட்டைய உடனே உழாம முடிஞ்ச வரைக்கும் விட்டு வைங்க. மருந்து தடவின விதை சிந்தினா மண்ணு தள்ளி மூடிடுங்க, சின்னப் பறவைக்கு அதுல கொஞ்சம் போதும்.

இங்கிலாந்து கோதுமை வயல்ல வானம்பாடிக்காக விதைக்கற மெஷின சில மீட்டர் நிறுத்தி ஹெக்டேருக்கு ரெண்டு சின்ன வெத்துத் திட்டு விடறாங்க, ஒவ்வொண்ணும் சும்மா 4க்கு 4 மீட்டர், ஆனா அங்க குஞ்சு கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதலா பொரிஞ்சு வளந்துச்சு. தரையில கூடு வைக்கற பறவை உங்க பக்கம் இன்னும் மிச்சம் இருந்தா இதையும் பாக்கலாம், திட்டு மட்டும் ஓரத்துலேர்ந்து நல்லா தள்ளி இருக்கணும், ஏன்னா நரி பூனை எல்லாம் ஓரமாத்தான் நடக்கும்.

ஓரத்துல புல்லு விட்டா பன்னி வந்து தங்காதான்னு அடுத்து கேப்பீங்க. மூணு மீட்டர் புல்லுல பன்னி என்னத்த ஒளியறது, ஆள் உயரத்துக்கு நிக்கற மக்காச்சோளத்துக்குள்ளதான் அதுக்கு சாப்பாடும் மறைவும் ஒண்ணா கிடைக்குது, அதுக்கு வேலி தனியா போட்டுத்தான் ஆகணும்.